தப்பாச் சொன்னாலும் ஒண்டும் நடக்காத கேள்விகள்

இங்கிலாந்தில் இப்போது ஐம்பது வயதை ஒட்டி நிற்கிற யாரிடமாவது 'பிளொக்பஸ்டர்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். அடுத்ததாக அநேகமாக இந்த வசனம்தான் வரும்: "பொப், எனக்கு ஒரு 'பி' தாங்க." ஆங்கிலத்தில் அந்தச் சத்தம் எழுத்தையும் குறிக்கும், ஒண்டுக்குப் போறதையும் குறிக்கும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க ஏலாமல் நெளிவார்கள். நிகழ்ச்சியை நடத்திய பொப் ஹோல்னஸ் ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த கேள்வியை வாசிப்பார்.

இதன் பழைய துண்டுகள் யூடியூபில் நிறையக் கிடக்கின்றன. பெரிய தலைமுடி, தடித்த ஸ்வெட்டர், மேசையில் அதிர்ஷ்டத்துக்காகக் கொண்டுவந்த பொம்மை. அந்தக் காலத்து ஆட்கள் அதைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். ஒரு வினாடி வினா நிகழ்ச்சிக்கு ஏன் இவ்வளவு ஏக்கம்? அது எதுக்கான ஏக்கம்? கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற, கல்லடியில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி விடாமல் ஒட்டிக்கொண்டது. நாங்கள் பார்க்காத ஒரு நிகழ்ச்சி, எங்களுக்குக் கிடைக்காத ஏதோ ஒன்றைப் பற்றிச் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

அறுகோணப் பலகை

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளொக்பஸ்டர்ஸ் அமெரிக்காவில் 1980இல் பெரியவர்களுக்காகத் தொடங்கிய நிகழ்ச்சி. அங்கே நீண்ட நாள் ஓடவில்லை. பிரிட்டனின் ஐடிவி அதை வாங்கி, உயர்தர வகுப்பில் படிக்கிற 16 முதல் 18 வயது வரையான மாணவர்களுக்கு என்று மாற்றியது. 1983 ஆகஸ்ட் மாதம் தொடங்கி 1993 வரை ஐடிவியில் ஓடியது.

பலகையில் தேன்கூடு மாதிரி இருபது அறுகோணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. ஒரு பக்கம் தனி ஆள், மறுபக்கம் இரண்டு பேர். எழுத்தைத் தெரிவு செய்தால் அந்த எழுத்தில் தொடங்கும் விடைக்கான கேள்வி வரும். தனி ஆள் மேலிருந்து கீழாக நான்கு கட்டங்களை இணைத்தால் போதும். இரண்டு பேர் சேர்ந்த அணி இடமிருந்து வலமாக ஐந்தை இணைக்க வேண்டும். ஒரு தலையை விட இரண்டு தலை நல்லதா என்பதுதான் ஆட்டத்தின் அடிப்படைக் கேள்வி. சரியான விடை ஒன்றுக்கு 5 பவுண்ஸ். வென்றால் அறுபது விநாடியில் 'கோல்ட் ரன்' என்ற கடைசிச் சுற்று.

5 பவுண்ஸ் அப்பவும் பெரிய காசு இல்லை. அதுதான் விஷயம். விடை பிழைத்தால் கேள்வி மற்றப் பக்கம் போகும், அவ்வளவுதான். ஒருவரும் திட்டமாட்டார்கள். பிழை விட்ட பிள்ளையே சிரிக்கும். தோற்ற பிள்ளையும் கையில் ஒரு அகராதியோடு வீட்டுக்குப் போகும். பதின்ம வயதுப் பிள்ளைகளை டிவி அந்தக் காலத்தில் இரண்டு விதமாகத்தான் காட்டியது: ஒன்று பிரச்சினை, இல்லாவிட்டால் பாட்டுக்காரர். சும்மா கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளையாக, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, மாலை நேரத்தில் நாடு முழுக்கத் தெரிகிற மாதிரி இருக்க ஒரு இடம் கிடைத்தது என்றால் அது இங்கேதான்.

1986: அங்கே ஒன்று மூடியது, இங்கே ஒன்று திறந்தது

பிளொக்பஸ்டர்ஸுக்கு முந்திய அண்ணன் ஒருவர் இருக்கிறார். பிபிசி வானொலியில் 1948இல் தொடங்கிய 'டொப் ஒஃப் த ஃபோர்ம்'. பாடசாலைக்கு நான்கு பேர் கொண்ட அணி, வயது வாரியாக. 1962 முதல் 1975 வரை இதற்குத் தொலைக்காட்சி வடிவமும் இருந்தது. அதில் இரண்டு அணிகளும் ஒரே மேடையில் இருக்காது. அவரவர் பாடசாலை மண்டபத்தில் இருக்க, இரண்டு இடமும் இணைக்கப்படும். உங்கள் ஊர், உங்கள் மண்டபம், பின்னால் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் கேட்கிறது முழு நாடும்.

வானொலி நிகழ்ச்சி 1986இல் நிறுத்தப்பட்டது. போட்டி மனப்பான்மை நவீன கல்விச் சிந்தனைக்கு ஒத்துவரவில்லை என்று தயாரிப்பாளர் காரணம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளை வென்றவர், தோற்றவர் என்று பிரிப்பது சரியில்லையாம்.

இதை வாசித்தபோது நான் 1986 என்ற ஆண்டில்தான் நின்றுவிட்டேன். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் திகதிதான் எங்கட கிழக்குப் பல்கலைக்கழகம் முழுப் பல்கலைக்கழகமானது. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1981இல், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. அங்கே 'போட்டி கூடாது' என்று ஒரு நிகழ்ச்சியை மூடுகிறார்கள். இங்கே ஒரு போட்டிப் பரீட்சையின் புள்ளிகளைச் சுற்றி நாடே இரண்டுபட்டு நின்ற பிறகு, எங்கட பக்கத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வருகிறது.

கொழும்பு வழியாக ஒரு சுற்று

வினாடி வினா எங்கள் பக்கம் வராமல் இல்லை. வந்த பாதை சுவாரசியமானது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்காகக் கொழும்பில் வைத்த பலம்வாய்ந்த ஒலிபரப்பியைப் போருக்குப் பிறகு ரேடியோ சிலோன் எடுத்துக்கொண்டது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. இந்தியாவின் அரசு வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கிய நேரத்தில் கொழும்பிலிருந்து பாட்டு வந்தது. 1952இல் அமீன் சயானி தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' அப்படித்தான் இந்தியா முழுக்கப் பரவியது. அமீனின் அண்ணன் ஹமீத் சயானியும் ரேடியோ சிலோனின் குரல்தான். அந்த ஹமீத்தான் 1972இல் இந்தியாவில் 'போர்ன்விட்டா குவிஸ் கொன்டெஸ்ட்' என்ற பாடசாலைப் போட்டியை நடத்தத் தொடங்கினார். 1975இல் அவர் இறந்த பிறகு தம்பி அமீன் தொடர்ந்தார். 1992இல் டெரெக் ஓ பிரையனோடு அது டிவிக்குப் போனது. பிரிட்டிஷ்காரர் விட்டுப்போன ஒலிபரப்பி, பிரிட்டிஷ் கம்பனியின் பால்மா பானம், பம்பாய்க் குரல். ஒரு வினாடி வினா இப்படித்தான் கடல் கடந்தது. ஆனால் அது ஆங்கிலம் தெரிந்த பாடசாலைகளின் விளையாட்டாகவே அதிகம் இருந்தது.

தமிழில் எங்கள் சனம் கொண்டாடியது வேறு ஒன்றை: இலங்கை வானொலியின் 'பாட்டுக்குப் பாட்டு'. பி.எச். அப்துல் ஹமீத் நடத்தியது. பிறகு சன் டிவிக்கும் புலம்பெயர் மேடைகளுக்கும் போனது. ஒரு எழுத்தைச் சொன்னவுடன் அதில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். நல்லாக் கவனித்துப் பார்த்தால் இது பிளொக்பஸ்டர்ஸுக்கு மிகக் கிட்டின சொந்தம். அங்கேயும் எழுத்துத்தான் வாசல், இங்கேயும் எழுத்துத்தான் வாசல். தமிழில் இன்னும் கஷ்டம். எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியமே பட்டியல் போட்டிருக்கிறது. ண, ள, ற, ன எல்லாம் வெளியே. 'ஞ' வந்தால் போட்டியாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதில் ஆங்கிலம் தேவையில்லை. ஏ.எல் தேவையில்லை. தையல் மெஷினில் இருந்தபடியே ரேடியோவை முந்திக்கொண்டு பாடிய அம்மம்மாக்கள் எல்லாம் இதில் போட்டியாளர்கள்தான். விடை தெரியாவிட்டால் 'சீ' என்றுவிட்டுத் தைப்பார்கள்.

எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

இனித்தான் நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

பிளொக்பஸ்டர்ஸில் அந்தப் பிள்ளைகள் இருந்த வயதும் இங்கே ஏ.எல் எடுக்கிற வயதும் ஒன்று. ஆனால் இங்கே அந்த வயதில் கேட்கப்படுகிற கேள்விக்கு 5 பவுண்ஸ் அல்ல, வாழ்க்கையே பரிசு. 1971 அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்கள மொழி மூல மாணவருக்கு 229. 'தரப்படுத்தல்' என்ற சொல் அன்றிலிருந்து எங்கள் அரசியலில் ஒரு காயம். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது கதை இன்னும் சிக்கலானது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கூடுதலாக இழந்தார்கள். மட்டக்களப்பு, மன்னார் போன்ற வசதி குறைந்த மாவட்டங்களில் சிலருக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. இதை எங்கட ஆட்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள், ஆனால் உண்மை. இன்றைக்கும் பல பீடங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற கணக்கு ஓடுகிறது. அந்தக் கடைசிப் பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கிறது. ஆக, எங்கட ஊரில் ஒரு கேள்விக்கு விடை எழுதுகிற பிள்ளை, தனக்கு மட்டுமில்லை, தன் மாவட்டத்துக்கும் இனத்துக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறது. பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சையிலேயே இந்தப் பாரம் தொடங்கிவிடுகிறது. இதில் சிரிப்பை அடக்க ஏலாமல் நெளிய யாருக்கு முடியும்?

இன்னொரு வகைக் கேள்வியும் இருந்தது. முதல் பிளொக்பஸ்டர்ஸ் ஒளிபரப்பாகியது 1983 ஆகஸ்ட் என்று சொன்னேன். அதற்கு முதல் மாதம்தான் கறுப்பு ஜூலை. அந்த நிகழ்ச்சியின் பத்து வருஷமும் எங்கட யுத்தத்தின் முதல் பத்து வருஷமும் ஏறத்தாழ ஒன்றே.

அம்மாவுக்கு 1990இல் பதினேழு வயது. அந்த வயதில் உன்னிடம் என்னென்ன கேள்வி கேட்டார்கள் என்று அவவிடம் கேட்டேன். அவ யோசிக்கவே இல்லை. "பேர் என்ன? எந்த ஊர்? எங்க போறாய்? ஐசி எங்க?" எல்லாம் சோதனைச் சாவடிக் கேள்விகள். "விடை தெரிஞ்ச கேள்விதான் மகன், ஆனா வாய் உளறும்" என்றா. அதே 1990 செப்டம்பர் 5ஆம் திகதி, நான் இப்போது விரிவுரைக்குப் போய்வருகிற வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாக இருந்தது. அன்று அங்கிருந்து இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. அவர்களுடைய வீடுகளில் 'எங்கே?' என்ற ஒரே கேள்வி முப்பது வருஷம் தாண்டியும் விடையில்லாமல் இருக்கிறது.

பிபிசி எங்கட வீடுகளுக்கும் வந்தது. வினாடி வினாவாக இல்லை, தமிழோசையாக. 1941இல் தொடங்கிய அந்தத் தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு சிற்றலையில் நின்றது. யுத்த காலத்தில் இரவானால் பெட்டரியை வெயிலில் காயவைத்து, கடித்து, எப்படியாவது ரேடியோவை உயிர்ப்பித்துக் கேட்பார்கள். எந்தப் பாதை திறந்திருக்கு, எங்கே குண்டு விழுந்தது, எத்தனை பேர். ஒரே நிறுவனம்தான். ஒரு நாட்டுப் பிள்ளைகளிடம் அது சும்மா கேள்வி கேட்டது. இன்னொரு நாட்டுச் சனம் உயிரைப் பிடித்துக்கொண்டு அதனிடம் விடை கேட்டது. இதில் பிபிசியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன்.

அதனால்தான் ஐம்பது வயது ஆங்கிலேயர் பிளொக்பஸ்டர்ஸுக்காகக் கண் கலங்கும்போது, அது அறுகோணத்துக்கான ஏக்கம் இல்லை என்று எனக்குப் படுகிறது. பதினேழு வயதில் ஒரு பெரியவர் முன்னால் நின்று கேள்வி கேட்டார், விடை பிழைத்தது, ஒண்டும் நடக்கவில்லை. அந்த நிம்மதிக்கான ஏக்கம் அது.

மீனா, ஊரியா?

இதெல்லாம் சரி, எங்களுக்கும் அதே மாதிரி ஒரு நிகழ்ச்சி இருந்திருந்தால் போதுமா? அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. வினாடி வினாவுக்கு ஒரு சொல் விடை வேண்டும். ஒரு சொல்லுக்குள் அடங்காத அறிவை அது வெளியே தள்ளிவிடும்.

ஒரு உதாரணம். மட்டக்களப்பு வாவியில் இரவில் பாடுவது எது? பொது அறிவுப் புத்தகங்களின் விடை 'மீன்'. மீன்பாடும் தேன்நாடு என்றுதானே எங்களுக்குப் பெயர். நிலா வெளிச்சத்தில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மற்ற நுனியைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். ஆனால் 1848இல் காலனித்துவச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இங்கே வந்து இந்தச் சத்தத்தைக் கேட்டபோது, மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை இல்லை, ஊரியை. கத்துகிற சிப்பி என்ற பொருள் வரும் ஒரு தமிழ்ப் பெயரையும் சொன்னார்கள். அவர் அதைத் தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். பலகையில் 'ம' என்ற எழுத்து இருந்தால் மீனுக்கு 5 பவுண்ஸ். 'ஊ' சொன்ன மீனவருக்கு மணி அடித்துவிடும்.

கல்லடிப் பாலமும் அப்படித்தான். எப்போது கட்டியது? 1924. யாருடைய பெயர்? ஆளுநர் மன்னிங்கின் மனைவி, லேடி மன்னிங். புதுப்பாலம் எப்போது? 2013. மூன்று கேள்வி, மூன்று சரி. ஆனால் அந்தப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போன தலைமுறைகளைப் பற்றியோ, 2004 டிசம்பர் 26 காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி அதன் மேல் ஓடிய சனத்தைப் பற்றியோ இந்த மூன்று விடையிலும் ஒன்றுமில்லை.

வினாடி வினா வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பரீட்சையையும் அறிவையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்பதற்கு எங்கட மண்ணிலேயே ஒரு ஆள் இருக்கிறார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை, 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. என்று பரீட்சைகளைத் தாண்டியவர். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். ஆனால் அவர் பெயரை நிறுத்தியது பரீட்சைப் புள்ளி இல்லை. வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழ் எப்படி ஒலித்திருக்கும் என்ற, ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வியைத் தானே கேட்டு, வருஷக்கணக்காகத் தேடி 1947இல் 'யாழ் நூல்' ஆக வெளியிட்டார்.

நொடி போடுவோம்

எங்களிடம் ஏற்கெனவே இருந்ததையும் மறக்கக்கூடாது. விடுகதையை எங்கட பக்கத்தில் நொடி என்போம். மழை நாளில் ஒருவர் நொடி போட மற்றவர் அவிழ்ப்பார். தெரியாவிட்டால் 'தோற்றுப்போனேன்' என்று சொல்லிவிட்டு விடையைக் கேட்கலாம். கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்புமுறியில் முழு ஊரும் வடசேரி, தென்சேரி என்று இரண்டு அணியாகும். இழுக்கும், ஏசிப் பாடும், பிறகு ஒன்றாகச் சேரும். இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று போட்டி போட்டுவிட்டு, ஒருவரையும் இழக்காமல் வீட்டுக்குப் போகத் தெரிந்த சனம்தான் நாங்கள். யுத்தமும் டியூஷனும் அந்தப் பழக்கத்தைத் தின்றுவிட்டன.

இப்போது பாடசாலைகளில் வினாடி வினா இல்லாமல் இல்லை. தமிழ்த்தினப் போட்டி இருக்கிறது, சமூக விஞ்ஞானப் போட்டி இருக்கிறது, விவாதம் இருக்கிறது. ஆனால் எல்லாமே வலயம், மாகாணம், அகில இலங்கை என்று ஏணியாக நிற்கிறது. சான்றிதழ் ஃபைலுக்குள் போகிறது. தோற்ற பிள்ளையோடு வீட்டுக்கு வருகிறது ஒரு அகராதி இல்லை, ஏச்சு.

எனவே எங்கட கூட்டத்தின் அடுத்த ஒன்றுகூடலுக்கு ஒரு யோசனை. கடற்கரையில் ஒரு மாலை. சான்றிதழ் இல்லை, பிரதம விருந்தினர் இல்லை. பலகையில் இருபது எழுத்து, தமிழ் எழுத்து. ஒரு பக்கம் ஏ.எல் எடுக்கப்போகிற தங்கச்சி தம்பிமார், மறுபக்கம் அவர்களுடைய அம்மம்மாமார். கேள்விகளில் பாதி புத்தகத்திலிருந்து, பாதி ஊரிலிருந்து. ஒரு சொல்லில் அடங்காத விடைக்கு மணி அடிக்காமல், சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்போம்.

தொடக்கத்துக்கு மூன்று கேள்வி தருகிறேன். 'ப': எழுவான்கரைக்கு எதிர்க்கரை எது, அங்கிருந்து உங்கட வீட்டுக்கு யார் வந்தார்கள்? 'வ': உங்கட அம்மா கேட்ட முதல் ரேடியோ நிகழ்ச்சியில் வந்த குரல் யாருடையது? 'ஊ': ஊரி பாடுமா, நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை, வாங்க.